நாயை மனிதனாக நினைத்து நாம் செய்யும் தவறுகள்

ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில் எங்கள் வீடு வடகடல் பக்கம், கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஒரு ஆடி மாதம், விடிந்தும் விடியாத நேரம். சித்தப்பா வத்தை என்கிற நாட்டுப் படகிலிருந்து இறங்கி, தலையோடு முகத்தையும் துண்டால் சுற்றிக்கொண்டு, தோளில் வலையோடு வந்தார். எங்கள் நாய் கருப்பன் முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு உறுமினான். பல் தெரிந்தது. “ரெண்டு வருசமா சோறு போட்ட கையையே மறந்துட்டியாடா?” என்று சித்தப்பா ஈரமணலை அள்ளி அவன் மேல் எறிந்தார். கோபத்தோடு வேலியைச் சுற்றித் தெற்கு வாசலுக்குப் போனார். அவர் அந்தப் பக்கம் போய் நின்றதுதான் தாமதம், கருப்பன் காதை மடக்கிக்கொண்டு, உடம்பு மொத்தமும் ஆட, அவர் காலடியில் போய் விழுந்தான்.

நடந்தது இதுதான். ஆடிக் காற்று எங்கள் வடகடல் கரையில் தெற்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும். சித்தப்பா கடல் பக்கமிருந்து வந்ததால் அவர் வாசனை நாயிடம் வரவே இல்லை, பின்னால் கடலுக்குப் போய்விட்டது. தெற்குப் பக்கம் போனதும் அதே காற்று அவரை நாயின் மூக்கில் கொண்டுவந்து சேர்த்தது. ‘நம்மைப் பார்க்கிறதே, தெரியாதா?’ என்று நினைப்பதுதான் நாம் செய்யும் முதல் தவறு. நாம் 75 அடியில் தெளிவாகப் பார்ப்பதை நாய் சுமார் 20 அடிக்கு வந்தால்தான் அதே தெளிவோடு பார்க்கும். துண்டு சுற்றிய முகம் அதற்கு வெறும் நிழல். இப்படி உறுமினால் அடிக்காதீர்கள். அப்படியே நின்று, பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். குரல் கேட்டாலே பாதி சந்தேகம் போய்விடும். மிச்சத்தை மூக்கு பார்த்துக்கொள்ளும்.

அந்த மூக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாசனை பிடிக்கும் செல்கள் நம் மூக்கில் சுமார் 50, 60 லட்சம். நாய்களில் சில இனங்களுக்கு 20 கோடிக்கும் மேல். மூச்சை விடும்போது காற்று மூக்கின் பக்கவாட்டுப் பிளவு வழியாக வெளியேறுவதால், முன்னால் இருக்கும் வாசனை கலைந்துபோகாது. மோப்பம் பிடிக்கும்போது நொடிக்கு ஐந்து முறை போலக் காற்றை இழுக்கும். மூக்கின் ஈரம் வாசனைத் துகள்களைப் பிடித்து வைக்கிறது. மேலண்ணத்தில் இதற்கென்று தனியாக இன்னொரு உறுப்பும் உண்டு. நாம் தெருவைப் பார்ப்பதுபோல அது தெருவை மோந்து படிக்கிறது. யார் போனார், எந்தப் பக்கம் போனார், எவ்வளவு நேரம் ஆச்சு என்பதெல்லாம் அதற்குத் தெரியும்.

அதனால்தான், நடக்கக் கூட்டிப் போகும்போது ஒவ்வொரு கம்பத்திலும் நிற்கிறதே என்று சங்கிலியைப் பிடித்து இழுப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. பேப்பர் படிக்கிறவர் கையிலிருந்து அதைப் பிடுங்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அரை மணி நேரம் நடந்தால் அதில் பத்து நிமிடமாவது அதன் போக்கில் மோந்து பார்க்க விடுங்கள். அதேபோல, நாய் படுக்கும் இடத்தில் பினாயில் ஊற்றுவது, பக்கத்தில் ஊதுவத்தி கொளுத்தி வைப்பது, நமக்கு வாங்கிய மணக்கும் சோப்பைத் தேய்ப்பது எதுவும் வேண்டாம். நமக்கு லேசாக மணப்பது அதற்கு மூக்கில் அறைவது மாதிரி.

ஆனால் மூக்கு நல்ல மூக்கு என்பதால் எல்லாவற்றையும் அதை நம்பி விட்டுவிடக் கூடாது. கரையோரத்தில் பலர் சொல்வார்கள், ‘நாய் மோந்து பார்த்துத்தான் தின்னும், விஷமென்றால் தொடாது’ என்று. இது பெரிய தவறு. வலையில் வந்த பேத்தை மீனை, அதுதான் உடம்பைப் பந்துபோல ஊதிக்கொள்ளும் மீனை, மணலில் வீசிவிட்டுப் போகிறோம். அதன் ஈரலிலும் முட்டையிலும் இருக்கும் விஷத்துக்கு வாசனை கிடையாது. வேகவைத்தாலும் போகாது. நாய்க்கு அது வெறும் மீன். தின்றுவிட்டால் கால் தள்ளாடி, மூச்சு அடங்கிப் போகும். மருந்து கொடுத்து முறிக்கக்கூடிய விஷமும் இல்லை. பேத்தையை ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். நாய் தள்ளாடினால் நேரத்தைக் கடத்தாமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

சரி, கண்ணுக்கு வருவோம். நாய்க்கு எல்லாம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும் என்பது பழைய நம்பிக்கை. அதற்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும். சிவப்பும் பச்சையும்தான் ஏறக்குறைய ஒரே மங்கல் நிறமாகிவிடும். கரையில் படர்ந்திருக்கும் அடப்பங்கொடிக்குள் சிவப்புப் பந்தை எறிந்து பாருங்கள். பச்சை இலைக்குள் நமக்குப் பளிச்சென்று தெரியும் பந்தை, கருப்பன் மூக்கால் தேடிக்கொண்டிருப்பான். நீலப் பந்தென்றால் நேரே போய் எடுத்து வருவான். பந்து பெரியதுதானே என்று நாம் நினைப்போம், அதற்கு நிறம்தான் கணக்கு. மூக்கு நுனிக்குப் பக்கத்தில் கிடக்கும் சூடை மீன் துண்டையும் அது கண்ணால் பார்ப்பதில்லை. ஒன்று, ஒன்றரை அடிக்குள் வந்துவிட்டால் எல்லாம் கலங்கலாகிவிடும். ‘கண்ணு முன்னாடி கிடக்குது, பாக்கல பாரு’ என்று திட்டுவதில் நியாயமில்லை.

இருட்டில் கதை மாறிவிடும். விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் இருப்பதால் கொஞ்ச வெளிச்சமே அதற்குப் போதும். ராத்திரி பைக் வெளிச்சத்தில் நாயின் கண் பச்சையாக மின்னுவது அதனால்தான். நேராக முகத்தில் வெளிச்சம் அடித்தால் கண் கூசி நடுரோட்டில் நின்றுவிடும். விளக்கைத் தாழ்த்தி, வேகத்தைக் குறையுங்கள்.

காது விஷயத்தில், நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு முடிந்துவிடும். நாய்க்கு 45,000 வரை கேட்கும். திருவிழா வெடிக்குக் கட்டிலடியில் போய் ஒளிகிற நாயை வெளியே இழுத்துப் பழக்க வேண்டாம், அங்கேயே இருக்கட்டும்.

அப்புறம், தெருநாயைக் கண்ணுக்குக் கண் முறைத்துப் பார்ப்பதும், மேலே இருந்து குனிந்து தலையில் கை வைப்பதும் பிள்ளைகள் செய்யும் தவறு. அதற்கு இரண்டுமே மிரட்டல். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நிற்கச் சொல்லிக் கொடுங்கள். கடித்துவிட்டால் மஞ்சளோ சுண்ணாம்போ தடவாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரியில் தடுப்பூசி போட்டாக வேண்டும்.

கருப்பனுக்கு இப்போது பதினொரு வயது. இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. அவன் சோற்றுத் தட்டையும் படுக்கும் சாக்கையும் நாங்கள் இடம் மாற்றுவதில்லை, சாக்கைத் துவைப்பதுகூட எப்போதாவதுதான். சித்தப்பா ஆடி மாதத்தில் கரைக்கு வந்தால் இப்போது வடக்கு வாசலுக்கு வருவதில்லை. வலையோடு வேலியைச் சுற்றித் தெற்குப் பக்கமாக நடந்து வருகிறார். அவர் புளியமரத்தைத் தாண்டும்போதே கருப்பன் வாலை ஆட்ட ஆரம்பித்துவிடுகிறான்.