லிங்கன் பாதியில் விட்ட ஏழு தலைமுறை: வட அமெரிக்கக் குடியேறிகளின் வம்சாவளியைத் தேடும் முறை

1859-ஆம் ஆண்டு டிசம்பரில், நண்பர் ஒருவர் கேட்டதற்கிணங்க ஆபிரகாம் லிங்கன் தம் வாழ்க்கைக் குறிப்பொன்றை எழுதி அனுப்பினார். தம் பாட்டனார் 1781 அல்லது 1782 வாக்கில் வர்ஜீனியாவின் ராக்கிங்ஹாம் கவுண்டியிலிருந்து (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு) கென்டக்கிக்குப் போனவர் என்றும், அவருடைய முன்னோர் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுண்டியிலிருந்து வந்த குவேக்கர்கள் (ஒரு கிறித்தவப் பிரிவினர்) என்றும் அதில் சொல்கிறார். அதற்கு மேல் அவரால் போக முடியவில்லை. மாசசூசெட்ஸை உள்ளடக்கிய வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தில் அதே குடும்பப்பெயரோடு வாழ்ந்தவர்களுடன் தம் குடும்பத்தை இணைத்துப் பார்க்க நடந்த முயற்சி, ஏனோக்கு, லேவி, மொர்தெகாய், சாலொமோன், ஆபிரகாம் என்ற பெயர்கள் இரு பக்கமும் வழங்கின என்ற அளவிலேயே நின்றுவிட்டதாக எழுதினார்.

லிங்கனின் ஐயம் நியாயமானது; பெயர் ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது. ஆனால் உறவு உண்மையில் இருந்தது. 1637-இல் இங்கிலாந்திலிருந்து வந்து மாசசூசெட்ஸின் ஹிங்ஹாமில் குடியேறிய சாமுவேல் லிங்கன்தான் அந்த வழியின் முதல்வர். அவர் மகன் மொர்தெகாய் மாசசூசெட்ஸிலேயே இருந்தார். பேரன் இளைய மொர்தெகாய் நியூ ஜெர்சிக்கும் பின்னர் பென்சில்வேனியாவுக்கும் போனார். அவர் மகன் ஜான் வர்ஜீனியாவுக்கும், ஜானின் மகன் ஆபிரகாம் கென்டக்கிக்கும் பெயர்ந்தார்கள். அந்த ஆபிரகாமின் மகன் தாமஸ் இண்டியானாவுக்கும் அங்கிருந்து இல்லினாய்க்கும் போனார். தாமஸின் மகன்தான் பிற்காலத்துக் குடியரசுத் தலைவர். ஏழு தலைமுறைக்கான காகிதங்கள் ஏழு மாநிலங்களில் கிடந்தன. அவற்றை வரிசையாக வைத்துப் பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை. இன்று வீட்டில் உட்கார்ந்தபடியே அதில் பெரும்பகுதியைச் செய்யலாம்.

என்னிடம் இதுபற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலோ கனடாவிலோ சம்பந்தம் செய்துகொண்ட தமிழ்க் குடும்பத்தினர். பேரக்குழந்தைக்கு நம் பக்கத்து வழியைச் சொல்லியாயிற்று, மறுபக்கத்து வழியையும் எழுதி வைக்க வேண்டும் என்பார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது, குடும்பப்பெயரின் பின்னால் ஓடாதீர்கள், ஊரையும் நிலத்தையும் பின்தொடருங்கள் என்பதுதான். தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாகப் போட்டே பழகிய நமக்கு, தலைமுறைதோறும் மாறாத குடும்பப்பெயர் பெரிய வசதியாகத் தோன்றும். ஆனால் அந்தப் பெயரையே நம்பி இறங்கினால், ஒரே கவுண்டியில் ஒரே பெயருடன் வாழ்ந்த மூன்று ஜான்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்ள நேரும். நானே ஒருமுறை மூன்று வாரம் வேறொருவருடைய பாட்டனாரைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் மனைவியின் பெயரை முதலிலேயே ஒப்பிட்டிருந்தால் ஒரே மாலையில் தெரிந்திருக்கும்.

இன்று உயிரோடு இருப்பவரிடமிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போக வேண்டும். வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் பேசி, குடும்ப பைபிளின் நடுப்பக்கங்களில் எழுதப்பட்ட பிறப்பு இறப்புக் குறிப்புகளையும், பழைய புகைப்படங்களின் பின்புறத்தையும், இறுதிச்சடங்கு அட்டைகளையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். புகழ்பெற்ற குடியேறி ஒருவரில் தொடங்கி நம்மை நோக்கி வர முயல்வது பெரும்பாலும் கற்பனையில் முடியும். அப்படிப்பட்ட ஆசையை வைத்தே பிழைத்தவர்கள் உண்டு. குஸ்தாவ் அன்ஜூ என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வசதி படைத்த அமெரிக்கக் குடும்பங்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு போலி வம்சாவளிகளைத் தயாரித்துக் கொடுத்தார். அவற்றின் பிழைகள் இன்றும் இணையக் குடும்ப மரங்களில் உலவுகின்றன. பிறர் போட்டு வைத்த மரத்தைத் துப்பாக எடுத்துக்கொள்ளலாம், சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அமெரிக்கப் பக்கத்தில் முதல் படி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் இதில், தனிநபர் விவரங்கள் 72 ஆண்டுகள் கழித்தே வெளியிடப்படும் என்பதால், இப்போது பார்க்கக் கிடைப்பவற்றில் கடைசியானது 2022 ஏப்ரலில் வெளியான 1950-ஆம் ஆண்டுக் கணக்கு. அங்கிருந்து ஒவ்வொரு பத்தாண்டாகப் பின்னே போங்கள். 1900-ஆம் ஆண்டுப் படிவம் மிகவும் பயனுள்ளது: பிறந்த மாதமும் ஆண்டும், மணமாகி எத்தனை ஆண்டு, பெற்ற பிள்ளைகள் எத்தனை, அவர்களில் உயிரோடிருப்பவர் எத்தனை, வெளிநாட்டில் பிறந்தவரானால் எந்த ஆண்டு வந்தார் என்பதெல்லாம் அதில் உண்டு. 1890-ஆம் ஆண்டுக் கணக்கைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1921 ஜனவரியில் வாஷிங்டனில் ஏற்பட்ட தீ விபத்துக்குப் பிறகு அதில் மிஞ்சியது மிகச் சிறு பகுதியே. 1880-இல் குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்ற பத்தி முதன்முதலாக வருகிறது. அதற்கு முந்தைய கணக்குகளில் ஒரே வீட்டில் இருக்கும் சிறுவனைப் பார்த்தவுடன் மகன் என்று எழுதிவிடக் கூடாது. தங்கை மகனாகவோ வேலைக்கு வந்தவனாகவோ இருக்கலாம்.

வயதையும் அப்படியே நம்ப வேண்டாம். 1818 டிசம்பரில் பிறந்த திருமதி மேரி லிங்கனுக்கு 1860-ஆம் ஆண்டுக் கணக்கில் வயது 35 என்று இருக்கிறது. கதவைத் திறந்தவர் சொன்னதைத்தான் கணக்கெடுக்க வந்தவர் எழுதியிருப்பார்.

1850-இல் ஒரு சுவர் வருகிறது. அந்த ஆண்டில்தான் அடிமைப்படாத அனைவரின் பெயரும் முதன்முறையாகப் பதிவாயின. 1840 வரை குடும்பத் தலைவர் பெயரும், மற்றவர்களுக்கு வயதுவாரியாக எண்ணிக்கையும் மட்டுமே. அடிமைப்பட்டிருந்தவர்களுக்கு 1850-லும் 1860-லும் தனிப் பட்டியல் போட்டார்கள். அதில் உரிமையாளரின் பெயர் இருக்கும், அவர்களுடைய வயதும் பாலினமும் இருக்கும், பெயர் இருக்காது. அந்த வழியில் தேடுபவர்களுக்குப் பெரும்பாலும் 1870-ஆம் ஆண்டுக் கணக்கே முதல் பெயர்ப்பதிவு. அதற்கு முன்னே போக வேண்டுமானால், அவர்களை உடைமையாகக் கருதிய குடும்பத்தின் உயில்களையும் சொத்துப் பட்டியல்களையும் படிக்க வேண்டியிருக்கும். கனடாவில் தனிநபர் விவரங்கள் வெளியாக 92 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அங்கே 1931-ஆம் ஆண்டுக் கணக்கு 2023-இல் வெளியானது.

1850-க்கு முன்னே போக வேண்டுமானால் கவுண்டியின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். நம் ஊரில் மாவட்டங்களைப் பிரித்தபோது பழைய ஆவணம் பழைய தலைநகரிலேயே தங்கிவிட்டதைப் போலத்தான் அங்கும். வர்ஜீனியாவுக்கு வந்த ஜான் லிங்கன் நிலம் வாங்கியபோது அது அகஸ்டா கவுண்டி. 1778-இல் அதிலிருந்து ராக்கிங்ஹாம் பிரிந்தது. அவர் இடம் மாறவில்லை, எல்லைதான் மாறியது. ஆகவே ஒவ்வொரு காகிதத்தையும் தேடும் முன், அந்த ஆண்டில் அந்த நிலம் எந்தக் கவுண்டியில் இருந்தது என்று பாருங்கள்.

எல்லையைச் சரியாகப் பிடித்தாலும் அண்டைக் கவுண்டியை விட்டுவிடக் கூடாது. லிங்கனின் பெற்றோர் மணமுடித்தபின் வாழ்ந்தது கென்டக்கியின் ஹார்டின் கவுண்டியில். அங்கே திருமணப் பதிவு கிடைக்காததால் அவர்கள் முறைப்படி மணம் செய்துகொள்ளவில்லை என்ற வதந்தியே பரவியது. 1806 ஜூன் 10 தேதியிட்ட திருமணப் பிணைமுறி (மணத்துக்குச் சட்டத் தடை இல்லை என்று மணமகன் தரப்பு எழுதிக் கொடுக்கும் பத்திரம்) பக்கத்திலிருந்த வாஷிங்டன் கவுண்டியில் பத்திரமாக இருந்தது. லிங்கன் இறந்த பிறகே அது வெளிச்சத்துக்கு வந்தது. திருமணம் பெண் வீட்டார் ஊரில் நடப்பது அங்கும் வழக்கந்தான். கணவன் ஊரில் பதிவு இல்லையென்றால் மணமகள் இருந்த ஊரைத் தேட வேண்டும் என்பது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கென்டக்கியின் 1790, 1800 கணக்குகள் அழிந்துவிட்டன; அங்கே ஆண்டுதோறும் எழுதிய வரிப்பட்டியல்களே துணை. ஒருவர் பெயர் பட்டியலில் முதலில் தோன்றும் ஆண்டு அவர் வயது வந்த ஆண்டாகவோ குடிவந்த ஆண்டாகவோ இருக்கும்; பெயர் மறையும் ஆண்டில் அவர் இறந்திருப்பார் அல்லது மேற்கே போயிருப்பார். தெற்கு மாநிலங்களில் உள்நாட்டுப் போரிலும் பிற தீ விபத்துகளிலும் நீதிமன்றங்கள் எரிந்த கவுண்டிகள் பல உண்டு. அங்கே அண்டைக் கவுண்டியும், மாநிலத்துக்கு அனுப்பிய வரிப்பட்டியல் நகல்களும், படைவீரர் ஓய்வூதியக் கோப்புகளும் கைகொடுக்கும். விதவை ஓய்வூதியம் கேட்ட பெண்கள் திருமணத்தை நிரூபிக்க பைபிளிலிருந்து கிழித்து அனுப்பிய பக்கங்கள் இன்னும் அந்தக் கோப்புகளுக்குள் இருக்கின்றன.

இனி நிலம். குடியேறிகள் வந்ததும் நகர்ந்ததும் சண்டையிட்டதும் நிலத்துக்காகவே என்பதால், வேறு எங்கும் எழுதப்படாத உறவுகள் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கும். வில்லங்கம் பார்த்துப் பழகிய தமிழருக்கு இது அந்நியமான வேலையல்ல. ஒவ்வொரு கவுண்டியிலும் விற்றவர் பெயர்வரிசை, வாங்கியவர் பெயர்வரிசை என இரண்டு அட்டவணைகள் இருக்கும்; இரண்டிலும் தேடுங்கள். வாங்கியதற்குக் கிரயப்பத்திரமே இல்லாமல் ஒருவர் நிலத்தை விற்றால், அது வாரிசுரிமையாகவோ மனைவி வழியாகவோ வந்திருக்கலாம். அந்த மூலத்தைத் தேடினால் தந்தை கிடைப்பார். 1736-இல் பென்சில்வேனியாவில் இறந்த இளைய மொர்தெகாய், தம் உயிலில் மகன் ஜானுக்கு நியூ ஜெர்சியில் இருந்த 300 ஏக்கரை எழுதி வைத்தார். ஒரு மாநிலத்தின் உயில் வேறொரு மாநிலத்து நிலத்தைக் குறிப்பிடும் இந்த ஒற்றை வரி, குடும்பம் முன்பு இருந்த இடத்தைக் காட்டிவிடுகிறது. ஜானின் தந்தை யார் என்பதற்கும் அதுவே சான்று.

உயில் இல்லாவிட்டால் அந்தக் காலச் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். லிங்கனின் பாட்டனார் 1786-இல் கென்டக்கியில் தம் நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது கொல்லப்பட்டார், உயில் எழுதவில்லை. கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் பகுதி. மூத்த மகனுக்கே நிலம் முழுவதும் போகும் என்ற பழைய முறையை ஒழித்த வர்ஜீனியச் சட்டம் 1787 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. சில மாத இடைவெளியில் மூத்த மகன் மொர்தெகாய்க்கு எல்லாம் கிடைத்தது, கடைசி மகன் தாமஸுக்கு எதுவும் இல்லை. மூத்தவர் மட்டும் விற்ற பத்திரங்களைப் பார்த்துவிட்டு, ஒரே பிள்ளை என்று முடிவு கட்டியிருந்தால் குடியரசுத் தலைவரின் தந்தையே மரத்திலிருந்து விழுந்திருப்பார்.

நில அளவை முறையும் இரண்டு வகை. பழைய காலனிகளிலும் கென்டக்கியிலும் மரம், ஓடை, பக்கத்து நிலத்துக்காரர் பெயர் என்று நம் செக்குபந்தி போலவே எல்லை எழுதினார்கள். தாமஸ் லிங்கன் கென்டக்கியை விட்டு வெளியேறியதற்கு முக்கியக் காரணம் அங்கிருந்த நில உரிமைச் சிக்கல்களே என்று அவர் மகன் எழுதியிருக்கிறார். நமக்கு அந்தக் குழப்பத்திலும் ஓர் ஆதாயம் உண்டு: எல்லை விவரத்தில் வரும் அண்டை வீட்டார் பெரும்பாலும் மைத்துனர்களும் பங்காளிகளும்தான், கூட்டமாகவே வந்து கூட்டமாகவே மேற்கே நகர்ந்தவர்கள். நம் ஆளைப் பற்றிக் காகிதம் இல்லாதபோது, அண்டை வீட்டாரும் சாட்சிக் கையெழுத்திட்டவர்களும் முன்பு எந்த ஊரில் இருந்தார்கள் என்று பார்ப்பதே என் அனுபவத்தில் மிகவும் பலன் தந்த வழி. ஓஹாயோ ஆற்றுக்கு வடக்கே கூட்டரசு நிலம் சதுரங்கக் கட்டம் போல அளக்கப்பட்டது: ஆறு மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப், அதில் 640 ஏக்கர் வீதம் 36 பிரிவுகள். தாமஸ் 1817 அக்டோபரில் இண்டியானாவின் வின்சென்ஸ் நில அலுவலகத்தில் பதிந்த இடம், டவுன்ஷிப் 4 தெற்கு, வரிசை 5 மேற்கு, பிரிவு 32-இன் தென்மேற்குக் கால்பகுதி. இதை வைத்து இன்றைய வரைபடத்தில் அந்த 160 ஏக்கரின் மேல் விரலை வைக்கலாம். கூட்டரசு வழங்கிய பட்டாக்கள் அமெரிக்க நில மேலாண்மைத் துறையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1862-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்தாண்டு குடியிருந்து 160 ஏக்கர் பெற்றவர்களின் கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. வெளிநாட்டில் பிறந்தவரானால் குடியுரிமைச் சான்றின் நகலும் அதற்குள் இருக்கும். கனடாவின் மேற்கில் 1872-ஆம் ஆண்டுச் சட்டமும் இதே அளவு நிலத்தைத் தந்தது.

பழைய காகிதங்களைப் படிக்கும்போது சொற்களும் தேதிகளும் ஏமாற்றும். சீனியர், ஜூனியர் என்பவை தந்தை மகனைக் குறிக்க வேண்டியதில்லை. ஊரில் ஒரே பெயருடைய மூத்தவரையும் இளையவரையும் பிரித்துக் காட்டவும் எழுதினார்கள். லிங்கன் என்ற பெயரே லிங்க்ஹார்ன் என்றும் காணப்படும். 1752 வரை ஆங்கிலேயக் காலனிகளில் ஆண்டு மார்ச் 25-இல் தொடங்கியதால், அதற்கு முந்தைய ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தேதிகளில் 1731/32 என இரட்டை ஆண்டு வரும். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த நாள் அன்றைய கணக்கில் 1731 பிப்ரவரி 11. இன்றைய கணக்கில் அது 1732 பிப்ரவரி 22. காகிதத்தில் உள்ளதை உள்ளபடியே எழுதி, மாற்றிய தேதியைப் பக்கத்தில் குறியுங்கள்.

கடலைக் கடந்த தலைமுறையைக் கடைசியில்தான் தேட வேண்டும். அமெரிக்கத் துறைமுகங்களில் பயணிகள் பட்டியல் 1820-இலிருந்துதான் முறையாகத் தொடங்குகிறது. அதற்கு முன், 1727 முதல் பிலடெல்பியாவில் இறங்கிய ஜெர்மானிய ஆண்களின் பட்டியல் போன்ற சில விதிவிலக்குகளே உண்டு. நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்து உள்ளே விட்ட எல்லிஸ் தீவு அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று பல குடும்பங்களில் கதை சொல்வார்கள். பட்டியல்கள் புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதப்பட்டவை, தீவில் இருந்தவர்கள் அதைச் சரிபார்த்தார்கள். பெயரைப் பிற்பாடு மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் குடியேறிகளே. உங்கள் தேடல் கனடாவின் கியூபெக்கில் போய் முடிந்தால் அதிர்ஷ்டசாலி: பதினேழாம் நூற்றாண்டிலிருந்து கத்தோலிக்கத் தேவாலயப் பதிவேடுகள் பெருமளவு தொடர்ச்சியாக உள்ளன, திருமணப் பதிவில் இருவருடைய பெற்றோர் பெயரும் வழக்கமாக இருக்கும், பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதப்பட்டிருப்பார்கள்.

இவற்றில் பெரும்பாலான பதிவேடுகளின் படங்களை ஃபேமிலி சர்ச் தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். பெயர் போட்டுத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் ஆவணம் இல்லை என்று பொருளல்ல. அந்தத் தொகுதி அட்டவணைப்படுத்தப்படாமல் இருக்கலாம். கவுண்டியின் பெயரைக் கொடுத்துத் தொகுதியைத் திறந்து, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருக்கும். எந்தத் தொகுதியை எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை பார்த்தீர்கள், எதுவும் கிடைக்காவிட்டாலும், நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அதே தொகுதியை மறுபடி திறப்பதிலிருந்து அது காப்பாற்றும்.

காகிதம் முற்றாகத் தீர்ந்த இடத்தில் டி.என்.ஏ. சோதனை உதவும், கேள்வி குறுகலாக இருந்தால் மட்டும். லிங்கனின் தாய் நான்சி ஹேங்க்ஸ் யாருடைய மகள் என்பதில் நெடுங்காலம் தகராறு இருந்தது. தாய்வழியில் மட்டும் இறங்கும் மரபணுக்கூறை, இடையறாத பெண்வழியில் வந்த இன்றைய உறவினர்களிடம் ஒப்பிட்டுப் பார்த்து, லூசி ஹேங்க்ஸின் மகள்தான் என்ற தரப்புக்கு வலுவான ஆதரவைப் பெற்றார்கள். அந்த உறவினர்கள் யார் யார் என்று கண்டுபிடிக்க, முதலில் கவுண்டி கவுண்டியாகக் காகிதங்களைத்தான் புரட்ட வேண்டியிருந்தது.