பூசணத்தைத் தடயமாக எடுக்கும்போது செய்யக்கூடாதவை

ரத்த ஈரம் காயாத சட்டையை பாலிதீன் கவரில் போட்டு சீல் வைப்பது, இருப்பதிலேயே பெரிய தவறு. ஐப்பசி மழையில் காட்பாடிப் பக்கம் ஒரு கொலை என்று வைத்துக்கொள்வோம். கவருக்குள் ஈரம் வெளியேற வழியில்லை. வேலூரில் உள்ள தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் துணி முழுக்கப் பூசணம் பூத்துவிடும். அப்புறம் சம்பவ இடத்திலேயே ஒட்டிய பூஞ்சை எது, கவருக்குள் வளர்ந்தது எது என்று பிரிப்பது பெரும்பாடு. டிஎன்ஏவும் கெட்டுப்போகும். நிழலில், காற்றாட உலர்த்தி, காகிதக் கவரில் போட வேண்டும். பூஞ்சையை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் அந்த மாதிரியைத் தனியாக எடுத்துக் குளிரில் வைத்து உடனே அனுப்புவது நல்லது.

அடுத்தது, பூசணத்தின் பரப்பைக் கண்ணால் பார்த்தே "செத்து ஒரு வாரம் இருக்கும்" என்று எழுதிவிடுவது. பிரிட்டனில் ஒரு வழக்கில், சடலத்தின் அருகே தரைவிரிப்பில் இருந்த பூஞ்சைகளை எடுத்து, அந்த வீட்டின் வெப்பநிலையிலேயே வளர்த்துப் பார்த்துத்தான் காலம் கணித்தார்கள். அங்கே கிடைத்த கணக்கை இங்கே அப்படியே ஒட்ட முடியாது. நம்ம ஊர் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பெனிசிலியம் என்ற பூஞ்சையின் வகைகள் பலவும் அந்தச் சூட்டில் முடங்கிவிடும். ஆஸ்பர்ஜிலஸ் ஃப்யூமிகேட்டஸ் என்ற பூஞ்சையோ 50 டிகிரியிலும் வளரும். அதனால் அறைக்குள் நுழைந்ததும் ஏசியை அணைப்பதற்கு முன், ஜன்னலைத் திறப்பதற்கு முன், வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கேல் வைத்துப் படமும் எடுங்கள். இவ்வளவு செய்தாலும் கிடைப்பது, இறந்து குறைந்தது இத்தனை நாள் ஆகியிருக்கும் என்ற குறைந்தபட்சக் காலம்தான். இறந்த அன்றே பூஞ்சை முளைத்தது என்று எந்த வக்கீலும் ஒப்புக்கொள்ள மாட்டார், அது நியாயமும்கூட.

செருப்பு மண்ணில் ஆஸ்பர்ஜிலஸ் வித்து (பூஞ்சை பரவும் நுண்துகள், ஸ்போர்) கிடைத்ததை வைத்து ஒருவரைச் சம்பவ இடத்தோடு முடிச்சுப் போடுவதும் ஆபத்து. அது பாலாற்று மணலிலும் இருக்கும், சந்தேக நபரின் வீட்டு வாசலிலும் இருக்கும். ஜவ்வாது மலை இலைச்சருகில் வளரும் அரிதான வகைகள் பல ஒன்றாகக் கிடைத்தால் கதை வேறு. அதற்கும் ஒப்பிட, சம்பவ இடத்தில் பல புள்ளிகளிலிருந்தும் அவர் வழக்கமாக நடமாடும் இடங்களிலிருந்தும் மண் எடுத்திருக்க வேண்டும்.

காளான் விஷம் என்று சந்தேகம் வந்தால், கடைசியாகச் சாப்பிட்டதை மட்டும் விசாரிக்காதீர்கள். சில கொடிய காளான்களில் இருக்கும் அமடாக்சின் என்ற விஷம் வேலை காட்ட 6 முதல் 12 மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். காலையில் வாந்தி என்றால் முந்தைய இரவுச் சாப்பாட்டைக் கேளுங்கள். வாந்தி, மிச்சக் குழம்பு, குப்பையில் கிடக்கும் காளான் காம்பு எதையும் கழுவிக் கொட்ட விடக்கூடாது. சமைத்தாலும் அந்த விஷம் போகாது. காளான் வித்துகளை மிச்சக் குழம்பிலும் மைக்ராஸ்கோப் வழியே அடையாளம் காண முடியும்.