கணினியை எந்நேரமும் ஓடவிடலாமா? கோலாலம்பூர் (கேஎல்) வீடுகளுக்கு ஒரு செய்முறை

வேலை முடிந்ததும் கணினியை அணைப்பதா, அப்படியே விடுவதா? செந்தூலில் கேட்டாலும் பிரிக்பீல்ட்ஸில் கேட்டாலும் வீட்டுக்கு ஒரு பதில் வரும். நான் சொல்வது இதுதான்: எழுந்து போனால் ஸ்லீப் (அரைத்தூக்கம்), படுக்கப் போனால் ஹைபர்நேட் (வேலையைச் சேமித்துவிட்டு முழுத்தூக்கம்), இடி இடித்தால் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். விண்டோஸ் 11-ஐ வைத்துச் சொல்கிறேன்.

படி 1: கணக்குப் பாருங்கள்

சும்மா இருக்கும்போது 60 வாட் இழுக்கும் மேசைக் கணினி நாள் முழுக்க ஓடினால் 1.44 யூனிட், மாதத்துக்கு 43 யூனிட். ஸ்லீப்பில் அது சில வாட்தான். உங்கள் டிஎன்பி மின்சார பில்லில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சென் என்று பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

படி 2: ஸ்லீப்

செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் என்று போய், திரைக்கு 5 நிமிடம், ஸ்லீப்புக்கு 20 நிமிடம் வையுங்கள். அவ்வளவுதான்.

படி 3: ஹைபர்நேட்

ஸ்லீப்பில் உங்கள் வேலை மெமரியில் இருக்கும். கரண்டு போனால், சேமிக்காதது எல்லாம் போச்சு. ஹைபர்நேட் அதை டிஸ்கில் எழுதிவிட்டு முழுதாக அணையும். பிளக்கைக் கழற்றினாலும், திரும்பப் போடும்போது பாதியில் விட்ட அசைன்மென்ட் அப்படியே திறக்கும்.

பல கணினிகளில் இது மறைந்திருக்கும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், இடப்பக்கம் 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ'. கீழே உள்ள கட்டங்கள் மங்கலாக இருக்கும். மேலே 'சேஞ்ச் செட்டிங்ஸ்' என்று தொடங்கும் நீல வரியை அழுத்தினால்தான் திறக்கும். ஹைபர்நேட்டுக்கு டிக் போட்டு, 'சேவ் சேஞ்சஸ்' அழுத்துங்கள்.

படி 4: இடி

நம் ஊருக்கு இதுதான் முக்கியம். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மத்தியானம் தாண்டினாலே வானம் இருண்டுவிடும். சுமத்ரா பக்கமிருந்து வரும் புயல்மழையோ விடியற்காலையில், எல்லாரும் தூங்கும்போது அடிக்கும். அதனால்தான் ராத்திரி ஓடவிட வேண்டாம் என்கிறேன்.

சுவர் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பக்கத்தில் மின்னல் விழுந்தால் சுவிட்சுக்குள் இருக்கும் சின்ன இடைவெளியை மின்சாரம் தாண்டிவிடும். ஹைபர்நேட் செய்து, மூன்று கால் பிளக்கை வெளியே இழுங்கள். ரவுட்டரின் அடாப்டரையும், கணினிக்கு வரும் லேன் (இணைய) கேபிளையும் மறக்காமல் கழற்றுங்கள். பலர் கோட்டைவிடுவது அங்கேதான். சர்ஜ் (திடீர் மின் எழுச்சி) தடுப்பு உள்ள எக்ஸ்டென்ஷன் வாங்கினால் நல்லது. அதில் பாதுகாப்பைக் காட்டும் சின்ன விளக்கு இருந்தால் அவ்வப்போது பாருங்கள். அது அணைந்துபோனால் கரண்டு வரும், பாதுகாப்பு இருக்காது. மாற்றிவிடுங்கள்.

படி 5: வாரம் ஒரு ரீஸ்டார்ட்

ஷட் டவுன் செய்தாலும், சீக்கிரம் திறக்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இருந்தால் விண்டோஸ் தன் உள்பகுதியை டிஸ்கில் வைத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். அப்டேட்டும் அப்போதே முடியும்.

லேப்டாப் எப்போதும் பிளக்கிலேயே இருந்தால், பேட்டரி 80 விழுக்காட்டில் நிற்கும் வசதி உண்டா என்று லேப்டாப் நிறுவனத்தின் ஆப்பில் தேடிப் போட்டுவிடுங்கள். நம் வெயிலில் முழு சார்ஜோடு சூடாகவே கிடந்தால் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும்.