பவளங்களுக்கு இடம் விட்டு வைப்பது எப்படி?

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கக் கடையிலிருந்து வாங்கி வரும் உயிருள்ள பவளத் துண்டு கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அதைப் பார்த்துப் பாறையில் நெருக்கி ஒட்டிவிட்டால், ஒன்றிரண்டு வருடத்தில் சண்டை தொடங்கிவிடும். சண்டைக்குச் செலவாகும் சக்தி வளர்ச்சியில்தான் குறையும்.

படி 1: இரவில் பாருங்கள்

விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் போகட்டும். அப்புறம் சிவப்பு டார்ச் அடித்துப் பாருங்கள். பகலில் பூங்கொத்துபோல் அடக்கமாக இருந்த கேலக்ஸியா என்ற பவளம், கண்ணாடி நூல் மாதிரி நீண்ட உணர்கொம்புகளை வீசிக்கொண்டிருக்கும். நுனியில் வெண்புள்ளி தெரியும். கொட்டும் செல்கள் அங்கேதான் செறிந்திருக்கின்றன. அந்த நூல் பட்ட அக்ரோபோரா பவளத்தின் அந்தப் பக்கம் மட்டும் சதை உரிந்து வெளுத்துப்போகும். பகலில் மட்டும் பார்ப்பவருக்குக் காரணமே பிடிபடாது.

படி 2: இடைவெளியை அளந்து ஒட்டுங்கள்

கேலக்ஸியாவைச் சுற்றி 25 செ.மீ., டார்ச், ஹேமர் என்ற பவள வகைகளுக்கு 15 செ.மீ. விடுங்கள். நூல்கள் நீரோட்டத்தோடு மிதப்பதால், தண்ணீர் போகும் திசையில் இன்னும் தாராளமாக விட வேண்டும். ஹேமரும் ஃப்ராக்ஸ்பான் என்ற பவளமும் பெரும்பாலும் ஒத்துப்போகும். டார்ச்சை அவற்றோடு சேர்க்காதீர்கள்.

படி 3: படர்பவற்றைத் தனிக்கல்லில் வையுங்கள்

செனியா, ஸ்டார் பாலிப் என்ற மென்பவளங்கள் இரண்டும் கொட்டிக் கொல்வதில்லை, மேலே படர்ந்து மூடிவிடும். மணலுக்கு நடுவே தனிக்கல் போதும்.

படி 4: கண்ணுக்குத் தெரியாத சண்டை

லெதர், சினுலேரியா போன்ற மென்பவளங்கள் தண்ணீரில் டெர்பீன் என்ற வேதிப்பொருளைக் கலக்கின்றன. தொடாமலே, தொட்டியின் மறுகோடியில் இருக்கும் கல்பவளத்தின் வளர்ச்சியைக்கூட இது தடுக்கும். இரண்டையும் சேர்த்து வளர்ப்பதென்றால் இதை உறிஞ்சிக்கொள்ளும் கரியான ஆக்டிவேட்டட் கார்பன் கட்டாயம். மாதம் ஒருமுறையாவது மாற்றுங்கள், தண்ணீரையும் ஒழுங்காக மாற்றி வாருங்கள்.

படி 5: வெட்டிவிடுங்கள்

தட்டுத் தட்டாக விரியும் மோன்டிபோரா, கீழே இருப்பவற்றின் வெளிச்சத்தை மறைக்கும். அடர்ந்த அக்ரோபோரா புதருக்குள் நீரோட்டம் நுழையாமல் அழுக்கு தங்கி, அடிப்பகுதி செத்துவரும். பவளம் பெருகப் பெருக தண்ணீரில் கால்சியமும் காரத்தன்மையும் வேகமாகக் குறையும். கால்சியம் 400 முதல் 450 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), காரத்தன்மை 8 முதல் 9 டிகேஹெச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை சோதியுங்கள்.

வெட்டும்போது கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும். பவளங்களோடு வளர்க்கும் சோவாந்திட், பாலிதோவா என்ற உயிரின வகைகளில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம், அலட்சியம் வேண்டாம். வெட்டியெடுத்த துண்டை, இப்போதுதான் உண்டாக்கிய அந்த இடைவெளியிலேயே திரும்ப ஒட்டிவிடாதீர்கள். தொட்டி வைத்திருக்கும் நண்பருக்குக் கொடுங்கள்.