வெளிநாட்டு வேலை விளம்பரம் உண்மையா? விண்ணப்பிக்கும் முன் சரிபார்க்கும் முறை

பிரிட்டனில் வேலை தேடியபோது நல்ல நிறுவனம் ஒன்றைப் போலி என்று நினைத்து விட்டுவிட்டேன். அடுத்த மாதம்தான் தவறு புரிந்தது. அதற்குப் பிறகு இந்த வரிசையில்தான் எல்லா விளம்பரத்தையும் பார்க்கிறேன். ரெஸ்யூமே எழுதுவது பற்றி இங்கே சொல்லப் போவதில்லை.

படி 1: விளம்பரம் எங்கிருந்து வந்தது?

வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தை நம்பி விண்ணப்பிக்காதீர்கள். அதே வேலை நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாகத் தேடுவதாக இருந்தால் அரசுத் தளங்களில் தொடங்குவதே என் வழக்கம். கனடாவுக்கு ஜாப் பேங்க், ஜெர்மனிக்கு மேக் இட் இன் ஜெர்மனி, ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளுக்கும் நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன், சுவிட்சர்லாந்துக்கும் சேர்த்து யூரெஸ்.

படி 2: டொமைன் (இணைய முகவரிப் பெயர்) வயது

மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின்னால் இருப்பதை ஐகேன் லுக்கப் என்ற இணையதளத்தில் போடுங்கள். பதிவான தேதி வரும். பல வருடங்களாக நடக்கும் நிறுவனத்தின் டொமைன் போன மாதம் பதிவாகியிருந்தால் அத்தோடு நிறுத்திவிடலாம். .யூகே என்று முடியும் முகவரிகளை, அவற்றின் பதிவை நடத்தும் நாமினெட் தளத்தில் தேட வேண்டும்.

படி 3: ஸ்பான்சர் பட்டியல்

நான் தடுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிரிட்டனின் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு, வேலை கொடுப்பவரிடம் ஸ்பான்சர் உரிமம், அதாவது வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க அரசு தரும் அனுமதி, இருக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் அரசுத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதையே தேடித் தரும் தனியார் தளங்கள் நிறைய உண்டு. எனக்கு அவை வேண்டாம், பழைய பட்டியலை வைத்திருக்கக்கூடும். அரசுத் தளத்தில் உள்ள சிஎஸ்வி (அட்டவணை) கோப்பை இறக்கி, லிப்ரேஆபீஸ் கால்க் என்ற விரிதாள் செயலியில் திறந்து தேடுங்கள்.

விளம்பரத்தில் இருந்த பெயரைத் தேடினேன், வரவில்லை. போலி என்று முடிவு கட்டிவிட்டேன். உண்மையில் அது கடைப்பலகைப் பெயர். பட்டியலில் இருந்தது சட்டப்படி பதிவான பெயர், இரண்டுக்கும் ஒரு சொல்கூட ஒத்துப்போகவில்லை. பதிவுப் பெயரை இப்படிக் கண்டுபிடிக்கலாம்: நிறுவனத் தளத்தின் அடிப்பகுதியிலோ விதிமுறைப் பக்கத்திலோ கம்பெனி எண் இருக்கும். அதை பிரிட்டன் அரசின் நிறுவனப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் போட்டால் முழுப் பெயர் வந்துவிடும், அதற்கும் கட்டணம் இல்லை. அந்தப் பெயரைப் பட்டியலில் தேடுங்கள்.

பெயர் கிடைத்ததும் 'ரூட்' (விசா வகை) என்ற நெடுவரிசையையும் பாருங்கள். ஒரே நிறுவனம் பல வரிகளில் வரலாம். எதிலும் 'ஸ்கில்டு வொர்க்கர்' இல்லையென்றால், வேறு வகை விசாவுக்கு மட்டுமே உரிமம் வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

படி 4: பணம் கேட்டால்

பிரிட்டன் விசாவுக்காக நிறுவனம் தரும் சர்டிபிகேட் ஆஃப் ஸ்பான்சர்ஷிப் என்ற சான்று உண்மையில் ஒரு மின்பதிவு, உங்களுக்குத் தேவை அதன் எண். அழகான முத்திரையோடு பிடிஎஃப் அனுப்பி அதற்கு விலை சொல்பவரை நம்ப வேண்டாம். 2024 டிசம்பர் 31 முதல் ஸ்கில்டு வொர்க்கர் வேலைகளில் இந்தச் சான்றின் கட்டணத்தை நிறுவனம் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது. விசா விண்ணப்பக் கட்டணம் வேறு, அது அரசுத் தளத்தில் கட்டுவது.

பிற்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர் எழுதியிருந்தார்: பட்டியலில் பெயர் இருந்தது, ரூட் சரி, ஆனாலும் ஆஃபர் லெட்டர் போலி. உரிமம் உள்ள நிறுவனத்தின் பெயரை வேறு யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள். அவர் படி 2-ஐத் தாண்டிப் போயிருந்தார். தயவுசெய்து எந்தப் படியையும் விடாதீர்கள். ஆஃபர் வந்ததும், கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, நிறுவனத் தளத்தில் உள்ள எண்ணில் கூப்பிட்டு எச்ஆரிடம் கேளுங்கள்.

சிங்கப்பூர் ஏஜென்சி பற்றிக் கேட்டவர்களுக்கு: ஏஜென்சியின் உரிம எண்ணை அங்குள்ள மனிதவள அமைச்சகத் தளத்தில் தேடலாம்.

ஸ்பான்சர் பட்டியல் அடிக்கடி மாறும். விசாவுக்குப் பணம் கட்டும் நாளன்று புதிய கோப்பை இறக்கி இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.