கூகுள் அனலிட்டிக்ஸ் ரிப்போர்ட் படிக்கறது எப்படி: மலைல ஹோம்ஸ்டே வெச்சிருக்கறவங்களுக்கு

சைட் போட்டாச்சு, அனலிட்டிக்ஸ் (சைட்டுக்கு எத்தன பேர் எங்கிருந்து வர்றாங்கன்னு காட்டற கூகுள் டூல்) கோடும் ஒட்டியாச்சு, உள்ள போனா கிராஃப் கிராஃபா ஓடுது, ஆனா ரூம் புக் ஆகலயேன்னு கொடைக்கானல்ல நிறைய பேர் கேக்கறாங்க. பூம்பாறைல எங்க ஹோம்ஸ்டே சைட்டுக்கு நான் பாக்கற வழிய அப்படியே எழுதறேன். அக்கவுன்ட் ஓப்பன் பண்றதெல்லாம் இதுல இல்ல, யூட்யூப்ல கொட்டிக் கிடக்கு. பழைய வீடியோ மட்டும் பாக்காதீங்க, 2023 ஜூலை 1ஓட யுனிவர்சல் அனலிட்டிக்ஸ்ங்கற பழைய வெர்ஷன் நின்னுபோச்சு, இப்ப ஜிஏ4 (கூகுள் அனலிட்டிக்ஸ் 4) தான், ஸ்கிரீனே வேற.

1. ஹோஸ்டிங் பேனல்ல வர்ற "ஹிட்ஸ்" நம்பர மறந்துடுங்க

ஒரு பக்கத்துல 20 போட்டோ இருந்தா ஒருத்தர் ஒரு தடவை வந்தாலே 20 ஹிட்டுக்கு மேல ஏறிடும். சைட் போட்டுக்குடுத்தவங்க இத காட்டி காசு கேட்டா குடுக்காதீங்க.

2. உங்கள நீங்களே எண்ணாதீங்க

எல்லாரும் சறுக்கற இடம் இதுதான். புது சைட்டுக்கு வர்றதுல பாதி நீங்க, உங்க வீட்டுக்காரங்க, போட்டோ மாத்தற தம்பி. அட்மின்ல டேட்டா ஸ்ட்ரீம்ஸ் போங்க, உங்க ஸ்ட்ரீம தொட்டு டேக் செட்டிங்ஸ், அதுக்குள்ள டிஃபைன் இன்டர்னல் டிராஃபிக்னு இருக்கும், அங்க உங்க வைஃபை ஐபிய (உங்க நெட் கனெக்ஷனோட நம்பர்) போடுங்க. வேலை முடிஞ்சதுன்னு இங்கயே எழுந்து போயிடுவாங்க, ஆனா முடியல. திரும்ப அட்மின்ல டேட்டா ஃபில்டர்ஸ்னு தனியா ஒண்ணு இருக்கு, அது "டெஸ்டிங்"லயே கிடக்கும், நீங்களா "ஆக்டிவ்" ஆக்கற வரைக்கும் எதுவும் கழியாது. ஆக்டிவ் ஆக்கறதுக்கு முன்னாடி ஐபிய நல்லா செக் பண்ணிக்கோங்க, அதுக்கப்புறம் கழிஞ்ச டேட்டா திரும்ப வராது.

இன்னொரு தொல்லை, நம்ம மலைல பாதிப்பேருக்கு வைஃபையே கிடையாது, மொபைல் ஹாட்ஸ்பாட்தான், ஐபி மாறிக்கிட்டே இருக்கும், அப்ப இந்த ஃபில்டர் வேலைக்காகாது. அவங்க சொந்த சைட்ட பிரேவ் பிரவுசர்ல மட்டும் பாருங்க, அது அனலிட்டிக்ஸ தானாவே தடுத்துடும். எனக்கு ஃபில்டரவிட இதுதான் புடிச்சிருக்கு.

3. எங்கிருந்து வந்தாங்க

ரிப்போர்ட்ஸ்ல டிராஃபிக் அக்விசிஷன். ஆர்கானிக் சர்ச்னா கூகுள் மாதிரி சர்ச் இன்ஜின்ல தேடி வந்தவங்க, ரெஃபரல்னா வேற சைட்ல லிங்க் அமுக்கி வந்தவங்க. டைரக்ட்னா அட்ரஸ் டைப் பண்ணி வந்தவங்கன்னு சொல்லுவாங்க, நிஜத்துல எங்கிருந்துன்னு தெரியாத எல்லாமே அங்கதான் விழும், நீங்க வாட்ஸ்அப் குரூப்ல போடற லிங்க்கும் பெரும்பாலும் அதுக்குள்ளதான். அத பிரிக்கணும்னா லிங்க்ல யூடிஎம் (எங்கிருந்து வந்தாங்கன்னு காட்ட லிங்க் கடைசில ஒட்டற குறிப்பு) சேத்து அனுப்புங்க, கூகுளோட கேம்பெய்ன் யூஆர்எல் பில்டர்ல இலவசமா பண்ணலாம். எல்லாத்தையும் சின்ன எழுத்துலயே போடுங்க, பெரிய எழுத்து கலந்தா அத வேற சோர்ஸ்னு தனியா எண்ணிடும்.

4. வந்தவங்க நின்னாங்களா

10 செகண்டுக்கு மேல இருந்தாலோ, ரெண்டு பக்கம் பாத்தாலோ, கீ ஈவென்ட் (முக்கியம்னு நீங்களே குறிச்சு வெச்ச செயல், 5ல சொல்றேன்) நடந்தாலோதான் "எங்கேஜ்டு செஷன்", அதாவது நின்னு பாத்த விசிட். 2024 மே 7ல கொடைக்கானலுக்கு வர்ற வண்டிங்களுக்கு இ-பாஸ் வந்ததும் இங்க பல ஹோம்ஸ்டேக்காரங்க "கொடைக்கானல் இ-பாஸ் எடுக்கறது எப்படி"ன்னு ஒரு பக்கம் போட்டாங்க. வந்தவங்க கேள்வி பாஸ் பத்தினது, ரூம் பத்தினது இல்ல. படிச்சு முடிச்சுட்டு போயிடுவாங்க, 10 செகண்ட் தாண்டிடறதால எங்கேஜ்டுன்னும் காட்டும். வழி கேக்க நிக்கற காரெல்லாம் ரூம் கேக்கறவங்கன்னு எண்ணுற மாதிரிதான் இது. அதனால மொத்த யூசர் நம்பர நான் பாக்கறதே இல்ல, ரூம் பக்கத்துக்கு எத்தன பேர் வந்தாங்கன்னு மட்டும் பாப்பேன்.

5. வாட்ஸ்அப் பட்டன் அமுக்கினாங்களா

நமக்கு புக்கிங் அதுலதான் வருது. வேற சைட்டுக்கு போற லிங்க் அமுக்கினா ஜிஏ4 தானாவே "கிளிக்"னு பதிவு பண்ணும், வாட்ஸ்அப் லிங்க்கும் அதுல வரும். அத வெச்சு வாட்ஸ்அப்புக்கு மட்டும் தனி ஈவென்ட் உருவாக்கி கீ ஈவென்ட்னு குறிங்க (2024க்கு முன்னாடி இதுக்கு பேரு கன்வெர்ஷன்). போன் நம்பர் பட்டன் தானா பதிவாகாது, அதுக்கு கூகுள் டேக் மேனேஜர் மாதிரி தனி டூல் வேணும்.

எதுக்குமே டைம் இல்லன்னா சர்ச் கன்சோல் (கூகுள் தேடல்ல உங்க சைட் எப்படி வருதுன்னு காட்டற தனி கூகுள் டூல்) மட்டுமாவது பாருங்க, என்ன வார்த்தை அடிச்சு வந்தாங்கன்னு அதுலதான் தெரியும், 16 மாச டேட்டா இருக்கும். அனலிட்டிக்ஸ்ல கேக்காத கேள்விக்கெல்லாம் பதில் இருக்கு, இதுல கேட்டதுக்கு இருக்கு.

அப்டேட்: கோத்தகிரில டீத்தூள் விக்கற அண்ணா ஒருத்தர், "கஸ்டமரெல்லாம் ஊட்டி, குன்னூர்தான், ரிப்போர்ட்ல கோயமுத்தூர், சென்னைன்னு வருதே"ன்னு கேட்டாரு. ஊர் பேர ஐபிய வெச்சு குத்துமதிப்பாதான் போடும், மொபைல் நெட்டுன்னா பெரும்பாலும் அந்த நெட் கம்பெனியோட சர்வர் இருக்கற பெரிய ஊரத்தான் காட்டும். உள்ளூர் ஆள் எத்தனைன்னு அந்த டேபிள்ல தேடாதீங்க அண்ணா.

இன்னொண்ணு: நேத்து நம்பர் இன்னிக்கு காலைல கம்மியா இருக்குன்னு பதறாதீங்க, முழுசா சேர 24ல இருந்து 48 மணி நேரம் ஆகும். ஜூன்ல டிராஃபிக் விழுந்தா மே மாசத்தோட ஒப்பிடாதீங்க, சீசன் முடிஞ்சா விழத்தான் செய்யும், தேதி செலக்ட் பண்ற இடத்துலயே கம்பேர ஆன் பண்ணி போன வருஷ ஜூன வெச்சுப் பாருங்க.