என்ஜினைப் பிரித்தாகிவிட்டது, பேரிங்கையும் மாற்றணுமா?

ஹெட் கேஸ்கெட் (என்ஜின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போய், கூலன்ட் கலந்து, ஆயில் பால் விட்ட டீ மாதிரி ஆகிவிட்டதா? அப்படியென்றால் ஹெட்டை மட்டும் சரிசெய்து மூடிவிடாதீர்கள். சம்பை (அடியிலுள்ள ஆயில் தொட்டி) கழற்றி, ஒரு கனெக்டிங் ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) மூடியையாவது திறந்து பேரிங்கைப் பாருங்கள், ஏனென்றால் கூலன்ட் கலந்த ஆயிலில் முதலில் அடி வாங்குவது அதுதான்.

சீரான சாம்பல் நிறம் நல்லது. செம்பு நிறம் எட்டிப் பார்த்தாலோ, நகத்தால் வருடும்போது கோடு தட்டுப்பட்டாலோ மாற்றத்தான் வேண்டும். அலுமினியப் பேரிங்கில் செம்பு தெரியாது, அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல் பிளாஸ்டிகேஜ் என்ற, நசுங்கக்கூடிய மெல்லிய அளவு இழையைப் பேரிங்குக்கும் கிராங்குக்கும் (என்ஜினின் சுழல் தண்டு) நடுவில் வைத்து, மூடியைச் சரியான டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்கி, மறுபடி திறந்து, நசுங்கிய அகலத்தை அதன் அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள் (நடுவில் கிராங்க் துளியும் திரும்பக் கூடாது). பல கார்களில் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி 0.02 முதல் 0.05 மி.மீ. வரை இருக்கும், ஆனால் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்வதே கணக்கு.

கிராங்கிலேயே கோடு விழுந்திருந்தால் புது பேரிங் மட்டும் போட்டுப் பயனில்லை, கிராங்கைக் கிரைண்டிங் செய்து அண்டர்சைஸ் பேரிங் (தேய்த்து மெலிந்த கிராங்குக்கு ஏற்ற தடித்த பேரிங்) போடணும்.

என்னைக் கேட்டால், என்ஜினையே இறக்கியாச்சு என்றால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள், கூலியைப் பார்த்தால் பேரிங் செட் விலை கொஞ்சம்தான். அப்புறம், பழையதையே போடுவதென்றால் எது எங்கிருந்ததோ அங்கேயே போடுங்கள்.